சாக்குப் போட்டு மூடிய மோட்டார்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் திருப்பூரில் சாயம் கலந்தேன், லாரியில் கிளீனராக ஓடினேன், மரக்காணத்தில் உப்பு வாரினேன். குதிகால் வெடித்து உப்புநீரில் நிற்க முடியாமல் போன பிறகு, உப்பளத்தை ஒட்டிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தேன். நாற்றம் பழகிவிட்டது. தொட்டி செத்துக்கொண்டிருந்ததுதான் பழகவில்லை.

தொட்டிக்குள் காற்றைத் தள்ள இரண்டு மோட்டார்கள். காற்று போனால்தான் அழுக்கைத் தின்னும் கிருமிகள் பிழைக்கும். கரண்ட் பில்லுக்காக ஆபீசில் திட்டியதும் சூப்பர்வைசர் ஒன்றை நிறுத்திச் சாக்குப் போட்டு மூடிவிட்டார். தண்ணீர் கறுத்தது. “இன்னொரு வாட்டி இந்தத் தண்ணி எங்க வாய்க்கால்ல வந்துச்சு, உங்க கேட்டைப் பூட்டிடுவோம்” என்று உப்பளத்துக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் சோலார் போட முடியுமா என்று பார்க்க ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். வெயிலிலேயே மோட்டார் ஓடுமாம். இந்தக் கரையில் வெயிலுக்கா பஞ்சம்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர் மெயின் ஒயரில் இடுக்கி போன்ற மீட்டரை மாட்டி, எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்த்தார்.

“இவ்ளோதானா?”

“நாங்க ரொம்ப சிக்கனம் மேடம்” என்று சூப்பர்வைசர் நிமிர்ந்து நின்றார்.

“அப்ப சின்னதா போட்டாலே போதும். ஓடுற மோட்டாருக்குத் தகுந்த மாதிரிதான் பேனல் எழுதுவேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி எழுதிவிட்டால் இரண்டாவது மோட்டார் காலத்துக்கும் சாக்குக்குள்தான். ஓடிப்போய்ச் சாக்கை இழுத்தேன்.

“மேடம், இதையும் ஓட்டிட்டு அளங்க!”

“டேய், பில்லு உங்கப்பனா கட்டுவான்?”

“சூரியன் கட்டட்டும்ணா!”

அந்த அம்மா சிரித்துவிட்டார். “போடுங்க” என்றார். ஸ்விட்சைப் போட்டேன். முனகியது, பெல்ட் கிறீச்சிட்டது, பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது. தொட்டி முழுக்கக் குமிழிகள் உலைத்தண்ணீராகப் பொங்கின. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

மீட்டரில் எண் ஏறியது. அவர் கட்டடத்தை அண்ணாந்து பார்த்து, “இத்தனை பேனலுக்கு மாடி பத்தாதே” என்றார். வேலி ஓரமாக உவர் பூத்துக் கிடந்த எங்கள் நிலையத்தின் காலி மனைக்கு அழைத்துப் போனேன். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

“இடம் சரியா இருக்கு. ஆனா உப்புக் காத்து. பேனலை அடிக்கடி கழுவணும், யார் கழுவுவாங்க?”

“நான் டெய்லி கழுவுறேன் மேடம்!”

“அப்ப ரெண்டுக்கும் சேர்த்தே எழுதுறேன். பகல்ல வெயில் பாத்துக்கும், ராத்திரிக்கு மட்டும் லைன் கரண்ட்.”

அவர் பஸ் ஏறியதும் சூப்பர்வைசர் ஸ்விட்சில் கை வைத்தார். தொட்டியைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

“பேனல் வர்ற வரைக்கும் ரெண்டும் ஓடட்டும். ஆபீஸ்ல கேட்டா உன்னைத்தான் கை காட்டுவேன்.”

“காட்டுங்கண்ணா” என்றேன்.