தங்கராசு சாரும் என் சட்டைக்கையும்

மே மாதக் கடைசியில் ஒரு காலை, எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒருவன் ஆங்கிலத்தில் போட்டிருந்தான். நான் தமிழாசிரியன். எழுத்துக் கூட்டிப் படித்ததில், ஆங்கில ஆசிரியர் தங்கராசு சார் பூட்ஸைக் கழற்றி மாட்டிவிட்டார் என்று தெரிந்தது. அவர் பூட்ஸ் போட்டு நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கு வருவதும் ரப்பர் செருப்பில்தான். ஆனால் அந்த மாதத்தோடு அவருக்குப் பணி ஓய்வு என்பது தெரியும். அதைத்தான் பையன் அலங்காரமாகச் சொல்கிறான் என்று முடிவு கட்டி, 'வாழ்த்துகள்' என்று தட்டி, பக்கத்தில் பூங்கொத்துப் படம் ஒன்றும் போட்டேன்.

பத்து நிமிடத்தில் ஓவிய ஆசிரியர் கூப்பிட்டார். "ஐயா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? சார் செத்துட்டாருய்யா. காலையில நெஞ்சு வலி." நான் அழிப்பதற்குள் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். எனக்கும் அவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சாவுச் செய்திக்குப் பூங்கொத்து அனுப்பியவன் என்று என்னை நினைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தொடருக்கு உண்மையில் ஓய்வு பெறுவது என்றுதான் பொருளாம், பையன்தான் தப்பாக எழுதிவிட்டானாம். ஆயுளில் ஒரு ஆங்கிலத் தொடரை நான் சரியாகப் புரிந்துகொண்டதே அன்றுதான். அதற்கு அழுவதா சிரிப்பதா என்று இன்னும் தெரியவில்லை.

நாங்கள் பதினோரு வருஷம் அரியலூரிலிருந்து குன்னத்துக்கு ஒரே பஸ்ஸில் போனவர்கள். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போகும்போது அவர் ஒரு ஆங்கிலத் தொடரை எடுத்து விடுவார். அதற்கு ஈடான தமிழ்ப் பழமொழியை நான் இறங்குவதற்குள் சொல்ல வேண்டும். உடுப்புதான் ஆளை உண்டாக்கும் என்றால் 'ஆள் பாதி ஆடை பாதி' என்பேன். அவர் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார். "உங்க தமிழ்ல பாதியாச்சும் ஆளுக்கு விட்டு வச்சிருக்கீங்க, வெள்ளைக்காரன் முழுசையும் துணிக்கே குடுத்துட்டான் பாருங்க" என்பார். வேறொரு நாள் சொன்னது இது: "பழமொழிய மட்டும் வார்த்தைக்கு வார்த்தை மாத்தக் கூடாதுங்க ஐயா. அது இன்னொருத்தரு சட்டை. போட்டா தோள்லயே மாட்டிக்கும்."

அவரிடம் படித்தவர்களுக்குக் கைலிக் கதை நினைவிருக்கும். வரவுக்குத் தக்க செலவு செய் என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'துணிக்குத் தக்கபடி கோட்டு வெட்டு' என்ற தொடரை நடத்தியபோது, கோட்டு என்றால் மழைக்கோட்டா என்று ஒருவன் கேட்டிருக்கிறான். இந்த ஊர் வெயிலுக்குக் கோட்டு எதற்கு, துணி இருக்கிற அளவுக்குக் கைலியை மூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். தேர்வில் பாதி வகுப்பு ஆங்கில வாக்கியத்துக்குள் கைலியை எழுதி வைத்தது. அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண் போட்டார். கேட்டதற்கு, புரிந்தவனுக்குத்தான் மதிப்பெண், மனப்பாடம் செய்தவனுக்கு இல்லை என்றார்.

சென்ற வருஷம் புதுத் தலைமையாசிரியர் வந்தார். தங்கராசு சார்தான் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தினார். என் முறை வந்ததும் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது 'ஹார்ட்', 'ஸ்லீவ்' இரண்டும்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்லீவ் என்றால் சட்டைக்கை என்ற அளவுக்கு எனக்கும் தெரியும், குனிந்து பார்த்தேன். என் இடது சட்டைக்கையில் இரண்டு விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. சபையில் வைத்து என் கந்தலைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். என்ன சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்டால் எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஆகிவிடுமே. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பது எனக்குத்தான் தெரியவில்லை. மறுநாளிலிருந்து பஸ்ஸில் கடைசி இருக்கைக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவரே பின்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஐயா, நாம ஒரு புது இலையத் திருப்புவமா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புது இலையை யாராவது திருப்புவார்களா? சாப்பிட்டு முடித்தவன்தான் இலையை மடிப்பான். உனக்கும் எனக்கும் பந்தி முடிந்தது என்கிறாரா? "நான் இன்னும் சாப்பிடவே இல்லைங்களே சார்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் முன்னால் போய்விட்டார். அந்த இலை புத்தகத்தின் தாள் என்றும், பழையதை விட்டுப் புதிதாகத் தொடங்குவதற்கு அப்படிச் சொல்வார்கள் என்றும் ஓவிய ஆசிரியர் சொல்லித்தான் அறிந்தேன், அதுவும் தங்கராசு சார் போன பிறகு. வார்த்தைக்கு வார்த்தை மாற்றக் கூடாது என்றவர், எனக்காகத் தமிழில் மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

கருமாதி முடிந்த மறுநாள் கல்லங்குறிச்சியில் அவர் வீட்டுக்குப் போனேன். வாழ்த்துச் செய்தியைப் பார்த்திருப்பாரோ என்று பயந்துகொண்டே அவர் மனைவி வசந்தாம்மா முன்னால் உட்கார்ந்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

"ஒரு வருசமா வூட்டுப் பக்கமே வரலையே ஐயா. அவரு உங்களச் சொல்லாத நாள் கிடையாது. தமிழய்யாவுக்கு மனசு சட்டைக்கை மேலயே இருக்கும், உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு கிடையாது, கோவம்னாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாரு, நம்பிப் பழகலாம்னு சொல்லுவாரு. புது எச்.எம். கிட்டயும் அதைத்தான் சொன்னாராம். அன்னையிலேருந்து நீங்க ஏன் பேசலன்னு அவருக்கு விளங்கவே இல்ல. போற வரைக்கும் விளங்கல. ஏன் ஐயா?"

"வேலை ஜாஸ்திம்மா" என்றேன்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். என்னைப் பற்றி இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாத நல்ல வார்த்தையை அவர் சொன்னார். நான் அதைக் கேட்ட நிமிடத்திலிருந்தே பொய்யாக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு வருஷம் உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறாக நடந்தவனை எந்தத் தைரியத்தில் அப்படி நம்பினார் என்று எனக்கு விளங்கவில்லை. அவரைக் கேட்கவும் வழியில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். தகுதியில்லாமல் அதை வைத்திருக்க முடியாது. அதனால் அவருக்கான இந்த நினைவுக் கூட்டத்தில் உங்கள் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

வசந்தாம்மா, எனக்கு வேலை எதுவும் இருக்கவில்லை. நான் அவர்மேல் கோபமாக இருந்தேன்.