ஆறு வெற்றுக் கட்டங்கள்

கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற பின், கிளிநொச்சியில் நடந்த மருந்தாய்வு ஒன்றுக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுத்தேன். வலிப்பு மருந்து உண்பவரின் உடல் அதை எவ்வளவு விரைவாகக் கழிக்கிறது என்று கணிக்கும் ஆய்வு அது. அதற்கான அட்டவணையை அமைப்பது என் பணி. குளிசை விழுங்கிய ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வரி. குருதியில் மருந்தின் செறிவை அளந்த ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வரி. யாவும் நேர ஒழுங்கில். நோயாளர் காலையும் இரவும் குளிசை குடித்ததும் கட்டத்தில் குறியிட வீட்டில் வைத்திருக்கும் அட்டைகளிலிருந்தே குளிசை வரிகளை எடுத்தேன்.

பலர் குறியிட மறப்பார்கள் என்று எண்ணி, வெற்றுக் கட்டத்தைக் கண்டால் ‘உட்கொண்டார்’ என நிரப்புமாறு நிரலில் ஒரு கட்டளை சேர்த்தேன். அதைச் சேர்த்த வாரம் கந்தசஷ்டி. பகலெல்லாம் தண்ணீர், மாலைப் பூசைக்குப் பின் ஒருவேளை உணவு என்று நானும் விரதத்தில் இருந்தேன். இரத்த அழுத்தத்துக்கு நான் குடிக்கும் காலைக் குளிசையையும் ஆறு நாளும் விட்டிருந்தேன்.

ஸ்கந்தபுரத்தில் வயல்வேலை செய்யும் பெண்ணொருவரின் அட்டையில் ஆறு காலைகள் வெறுமையாக இருந்தன. நிரல் அவற்றை நிரப்பிற்று. ஏழாம் நாள் காலையில் எடுத்த குருதியில் மருந்து மிகக் குறைவு.

“நாள் தவறாமல் குடிச்சும் இவ்வளவுதானே, ஐயா?” என்று ஆய்வை நடத்திய இளம் பெண் வைத்தியர் கேட்டார். “அவவின்ர உடம்பு மருந்தைக் கெதியா வெளியேத்துது போல. அளவைக் கூட்டுவம்.”

“ஓம் பிள்ளை, கணக்கும் அப்பிடித்தான் சொல்லுது” என்றேன்.

கூட்டிய மருந்து அந்தப் பெண்ணுக்கு மிகையாயிற்று. சில வாரங்களில் தலைசுற்றி வயல் வரம்பிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வைத்தியர் அளவைக் குறைத்தார். அந்த ஆறு வெற்றுக் கட்டங்களைப் பற்றிக் கேட்க, நான் பழைய அட்டையுடன் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன்.

“பாருங்க ஐயா, கள்ளுக் குடிக்கிற நான் நேரா நடக்கிறேன். விரதம் புடிக்கிற இவதான் தள்ளாடி விழுறா” என்றார் கணவர்.

“வந்தவங்க முன்னால என்ன பேச்சு இது!” என்று அவரை அடக்கிவிட்டு அட்டையைப் பார்த்தார் அந்த அம்மா. “அது சஷ்டிங்க ஐயா. சாப்பிட்ட பிறகு குடிக்கணும்னுதானே சொன்னாங்க? காலையில சாப்பாடே இல்லையே. அதான் ராத்திரி மட்டும் குடிச்சேன். ஏன்னு எழுதி வைக்காம விட்டது என் தப்புதாங்க.”

குடிக்காத வேளைக்கு அவர் குறியிடவில்லை. அட்டை உண்மையையே சொன்னது. பொய்யை நிரப்பியவன் நான்.

பின்னர் அந்தக் கட்டளையை நீக்கி, ஆறு வரிகளையும் அகற்றி, நடந்ததை வைத்தியருக்கு எழுதினேன். ஆயினும் சொல்ல வேண்டியது அந்த அம்மாவிடம். பிழையெல்லாம் பொறுத்தருள் என்று இறைவன் முன் நாள்தோறும் பதிகம் பாடி உருகுகிறவன், அந்த முற்றத்தில் “பிழை உங்களுடையதன்று, அம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

வலது கையில் கட்டிருந்ததால் தேநீரை இடது கையால் நீட்டினார். அதற்கும் மன்னிப்புக் கேட்டார். இரு கைகளாலும் வாங்கிக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தேன்.