மூன்று வரி உயரத்தில் ஓர் எழுத்து

இன்று ஹட்டனில் எங்கள் அச்சகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மன் திருவிழா நோட்டீசைக் கணினியில் பேஜ்மேக்கர் கொண்டு வடிவமைத்தேன்.

தோட்டத்தின் இரண்டு பிரிவுகளில் மேல் டிவிசன் தலைவரின் வாழ்த்துரைதான் முதலில் இருந்தது; அடுத்தது கீழ் டிவிசன் தலைவருடையது. அழகுக்காக முதல் வாழ்த்துரையின் முதல் எழுத்தை மட்டும் மூன்று வரி உயரத்துக்குப் பூ வேலையோடு பெரிதாக்கினேன்.

சரிபார்க்க வந்த கீழ் டிவிசன் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, அவருக்கு கோபுரம் மாதிரி எழுத்து, எனக்கு பொடி எழுத்தா? எங்க ஆளுங்க தேர் இழுக்க வரமாட்டாங்க."

அவருக்கும் மூன்று வரி கொடுத்தேன்.

விஷயம் தெரிந்து மேல் டிவிசன் தலைவர் எனக்குப் போன் எடுத்தார்.

"எனக்கு நாலு வரியா போடுங்க தம்பி."

கீழ் டிவிசன் தலைவரோ என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நான்கு வரி.

தாளில் இடம் போதவில்லை. அம்மன் பெயரைச் சிறிதாக்கினேன். இருவருக்கும் பரம திருப்தி.

அம்மன் இன்னும் சரிபார்க்க வரவில்லை. வந்தால் எத்தனை வரி கொடுக்கலாம், சொல்லுங்கள்.