மன்னிப்புக் கேட்கப் போகிறவர்களுக்கு: உக்கடத்திலிருந்து கிணத்துக்கடவு

வழக்கமாக மலை, அருவி என்று எழுதுகிறவன் நான். இந்த முறை சொந்த ஊருக்குப் போனதை எழுதுகிறேன். மூன்று வருடமாகப் போகவில்லை. காரணம் கேவலமானது. கிளை வாய்க்காலில் திருட்டுக் குழாய் பதித்து, கடைமடைத் தோப்புக்குப் போக வேண்டிய முறைத் தண்ணீரை என் கிணற்றுக்கு இழுத்தேன். மாட்டிக்கொண்டேன். அதன்பின் ஊரில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகைகூட வீடு தேடி வரவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு உக்கடத்தில் ஒற்றை அறைக்கு வந்துவிட்டேன். கடைமடைத் தோப்புக்காரர் ருக்மணியக்கா, "கேஸு வேண்டாம், எதிருக்கெதிரா உக்காந்து பேசோணும்" என்று சொல்லியனுப்பியதால் போன ஞாயிறு கிளம்பினேன். திரும்பி வந்து இருக்கட்டுமா என்று ஊரைக் கேட்பதுதான் என் திட்டம்.

உக்கடத்தில் காலை 8.10க்குப் பொள்ளாச்சி பேருந்து. கிணத்துக்கடவுக்கு 45 நிமிடம், 25 ரூபாய். அங்கிருந்து ஊருக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோ 150. ஓட்டுநர் புதியவர், என்னைத் தெரியாது.

"இன்னைக்கு அங்க பேச்சுவார்த்தைங்க. தண்ணி திருடுனவரு வாராராமுங்க. எனக்கென்னமோ வரமாட்டாருன்னு தோணுது."

"வருவாருங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

பால் சொசைட்டிக் கொட்டகையில் பதினோரு பேர். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது, தப்பு செய்தவன் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. "வாங்க, உக்காருங்க" என்று மரியாதைக்கு ஒரு குறைவுமில்லை. ஆனால் எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் கடைசிவரை காலியாகவே இருந்தன.

காய்ந்துபோன தென்னைகளைப் பற்றித்தான் ருக்மணியக்கா பேசுவார் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"மரம் போனாப் போகுதுங்க தம்பி. மேக்கால தோட்டத்துப் பழனிச்சாமியண்ணன்தான் தண்ணியத் திருப்பறாருன்னு நெனச்சு, வாயில வந்ததெல்லாம் பேசிப்போட்டேன். அவரு செத்தப்பறந்தான் உங்க பைப்பு தெரிஞ்சுது. அந்த ஊட்டுப்படி ஏற எனக்கு மூஞ்சியில்லைங்க."

அந்தச் சண்டையை விலக்கிவிட்டவனே நான்தான். "விடுங்கக்கா" என்று சமாதானம் வேறு சொன்னேன்! என் முறை வந்தபோது அதையும் ஒளிக்காமல் சொன்னேன். சொல்லும்போதே செத்துப்போகலாம் போலிருந்தது.

குழாயை நானே தோண்டி எடுக்க வேண்டும், அக்காவோடு போய்ப் பழனிச்சாமியண்ணன் மனைவியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று முடிவானது. இரண்டாவதை உடனே செய்யச் சொன்னார்கள். அரைக் கிலோமீட்டர் நடந்தோம். வாசலில் நின்று, "அண்ணன் மேல ஒரு தப்புமில்லீங்க. தண்ணிய எடுத்தது நான்தானுங்க. அக்காவ அப்படிப் பேச வெச்சதும் நான்தானுங்க" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. "உள்ள வா ருக்கு" என்று அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டார். உள்ளே இரண்டு பேரும் அழுவது கேட்டது. நான் வெயிலில் நின்றேன்.

இப்படிப் போகிறவர்களுக்கு: பழம், பலகாரம் எடுத்துப் போகாதீர்கள், யாரும் கை நீட்ட மாட்டார்கள். பதில் தயார் செய்யாதீர்கள். நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஆட்டோ கிடைக்காது. நான் ஆறு கிலோமீட்டரும் நடந்துதான் 3.20 பேருந்தைப் பிடித்தேன்.

திரும்பி வரட்டுமா என்று கேட்டாயா என்றால், இல்லை. முதலில் அந்த இருவரிடமும் கேட்டுவிடலாம் என்று முக்கால் மணி நேரம் அந்த வாசலிலேயே நின்றேன். அழுகை ஓய்ந்து, உள்ளே ஏதோ சொல்லி இருவரும் சிரிக்கும் சத்தம் வந்தது. கதவைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை.