வைட்ஃபீல்ட் உரத்தொட்டியும் எங்கள் கௌதமியும்

என் அக்கா மகள் கௌதமி சயின்ஸ் டீச்சர் வேலையை விட்டுவிட்டு, அபார்ட்மெண்டுகளில் சமையல் கழிவை உரமாக்கும் வேலையில் சேர்ந்தாள். "குப்பை அள்ளப் போறா" என்றார்கள் சொந்தக்காரர்கள். சொல்லட்டும். நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனாலும் பெங்களூரு ஆஸ்டின் டவுனில் என் யோசனை கேட்காமல் ஒருவரும் போர்வெல்கூடப் போட்டதில்லை. அவளுக்குக் கிடைத்த முதல் இடம் வைட்ஃபீல்டில். உரத்தொட்டி நாற்றமடிக்கிறது, நிறுத்திவிடலாம் என்று அங்கே குடியிருப்பவர்கள் கூட்டம் போட்டிருந்தார்கள். நிறுத்தினால் அவளுக்கும் வேலை இல்லை. போன ஞாயிறு நானும் கூடக் கிளம்பினேன்.

காலை எட்டரைக்கு டிரினிட்டி மெட்ரோவுக்கு ஆட்டோ. டிரைவர் நூற்றைம்பது கேட்டார். என் கன்னடத்தைக் கேட்டு அசந்துபோய் எண்பதுக்கு இறங்கினார். மெட்ரோவில் ஆளுக்கு எழுபது ரூபாய், ஹோப் ஃபார்ம் வரை முக்கால் மணி நேரம். அங்கிருந்து பத்து நிமிட நடை. கேட்டில் செக்யூரிட்டி யாரென்று கேட்டார். மேடத்துக்கே சீனியர் என்றேன். சல்யூட் வைத்தார்.

கூட்டத்தில் ஐந்நூறு பேராவது இருப்பார்கள். நாற்காலி என்னவோ நாற்பதுதான். செக்ரட்டரி கோயம்புத்தூர்க்காரர், மரியாதையாகவே குத்தினார். "டீச்சர் வேலை நல்ல வேலைங்க மேடம். அதுக்கே திரும்பிப் போயிடலாமே?"

"போக மாட்டேன் சார்" என்றாள் கௌதமி. அவ்வளவுதான்.

அவர் என் பக்கம் திரும்பினார். சீனியர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் எழுந்து, தொட்டியில் தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் ஓடிவிடும் என்று அடித்துச் சொன்னேன். பல பேர் தலையாட்டினார்கள்.

"தப்பு மாமா. உக்காருங்க."

வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னாள். உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள். "ஈரம் கூடினா உள்ள காத்து போகாது, அழுகித்தான் போகும். இங்க நடக்குறதும் அதான். மிஞ்சின சாம்பாரை அப்படியே ஊத்துறீங்க, காய்ஞ்ச இலை ஒரு பிடிகூட போடுறதில்ல." பிறகு ஒரு வாரமாகக் கீழ்த்தளத்தில் வைத்திருந்த இரண்டு வாளிகளைக் கொண்டுவந்து, வரிசையாக வந்து மோந்து பார்க்கச் சொன்னாள். இலை போடாததை மோந்தவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். இலை போட்டதில் தோட்டத்து மண் வாசனை.

சொந்த மாமனையே உட்கார வைத்தவள் பொய் சொல்ல மாட்டாள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். அதற்காகத்தான் நான் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். இதை கௌதமி இன்னும் நம்பவில்லை.

செக்ரட்டரி கமிட்டிக்காரர்களோடு கூடிப் பேசிவிட்டு வந்தார். "சரி, ஒரு மாசம் பார்க்கலாங்க."

"மூணு மாசம் வேணும் சார். ஒரு மாசத்துல மக்காது."

கொடுத்தார்கள்.

இப்படிப் போகிறவர்கள் ஞாயிறு காலையிலேயே போய்விடுங்கள். வார நாளில் அந்த ரோட்டில் ஆயுள் கழியும். கைக்குட்டை வேண்டாம். மூக்கைப் பொத்துகிற ஆளை அங்கே யாரும் நம்புவதில்லை. உங்கள் வீட்டுப் பெண் இப்படி வேலை மாறினால் புத்தி சொல்லாதீர்கள், கூடப் போங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள்.