ஹலீமா அன்ரியின் வெயில்

மாடிப்படியில் யாரோ சாம்பிராணி போடுகிறார்கள். அந்த மணம் என்னை இருபது வருடங்கள் பின்னே, நான் வளர்ந்த குளிர்நாட்டு ஊரான ஹவுகன்ஸ்டுவாவுக்கு இழுத்துப்போகிறது.

எதிர்வீட்டு ஹலீமா அன்ரி சோமாலியாவிலிருந்து அகதியாக வந்தவர். அவர் உடுப்பிலும் இதே மணம்தான். குளிர்காலம் முழுக்க எலும்பு நோவில் படுத்தே கிடந்தார்.

"எங்கடை தோலுக்கு இஞ்சத்தை வெயில் காணாதாம், அதுதான் எலும்பு நோகுதாம். டொக்டர் அவவுக்குச் சொன்னவராம்" என்றார் அம்மா.

"வெயிலுக்கை நிக்காதை, கறுத்துப்போவாய்" என்று என்னை எப்போதும் உள்ளே இழுப்பவர் அம்மா. பனி உருகத் தொடங்கிய ஒருநாள், அவரே அன்ரியைக் கைத்தாங்கலாக எங்கள் பல்கனிக்குக் கூட்டிவந்தார்.

"நீயும் வா பிள்ளை, வந்து வெயில்லை இரு."

மூவரும் கண்மூடி இருந்தோம். இமைக்குள் எல்லாம் செம்மஞ்சளாக மிதந்தது. அன்ரி மெல்லச் சிரித்தார்.

இப்போது படியேறி என் வீட்டுக்குள் வருகிறேன். பல்கனியில் என் மகள் வெயிலில் தூங்குகிறாள். கறுக்கட்டும்.