நடு இடத்திலிருந்து முதல் பந்தயம்

என் மனைவி பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். சீட்டுக்கட்டைக் கண்டாலே முகம் சுளிக்கும் வீட்டில் வளர்ந்தவள். அவளுக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தது பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் தம்பி. அவனை அவள் மிஞ்சுவதற்கு அதிக நாள் ஆகவில்லை.

பௌர்ணமியும் ஞாயிறும் சேர்ந்து வந்த ஒரு நாள். கிரிவலக் கூட்டத்தில் வண்டி எடுத்து எங்கும் போக முடியாது. வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் கோரைப்பாயை விரித்து ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்தோம். நாங்கள் இருவர், மைத்துனனும் அவன் மனைவியும், கீழ்வீட்டுத் தம்பதி, பக்கத்துத் தெருவில் மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கும் பாய். காசு கிடையாது, பந்தயம் புளியங்கொட்டைதான்.

ஆளுக்கு இரண்டு சீட்டு; நடுவில் திறக்கும் பொதுச் சீட்டுகளை எல்லாரும் தங்கள் சீட்டோடு சேர்த்துக்கொள்ளலாம். பொதுச் சீட்டுகளைத் திறக்கும் முன்பே ஒவ்வொருவராகக் கட்டுவதா விடுவதா என்று சொல்லிவிட வேண்டும். கடைசியில் பேசுகிறவருக்கு எல்லார் மனதும் தெரிந்துவிடும். பேசும் வரிசையில் நடுவில் இருப்பவர் பாடுதான் திண்டாட்டம். முன்னால் இருப்பவர்கள் விட்டது தெரியும், பின்னால் இருப்பவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்த இடம் வந்தால் நான் பெரும்பாலும் சீட்டைக் கவிழ்த்துவிடுவேன்.

அந்த ஆட்டத்தில் அது அவள் இடம். அவளுக்கு முன்னால் பேசிய இருவரும் விட்டார்கள். அவள் ஒரு பிடி கொட்டையை நடுவில் தள்ளினாள்.

"இன்னாக்கா, பின்னால நாலு பேர் இருக்கோம்ல?" என்றான் தம்பி.

"இருந்தா இருங்க. வேணும்னா கட்டுங்க."

பாய் மட்டும் கட்டினார். மற்றவர்கள் விட்டோம். திறந்த மூன்று பொதுச் சீட்டில் ஒன்று ஆஸ். அவள் மேலே எதுவும் கட்டவில்லை. பாயோ தன் கொட்டையில் பாதிக்கு மேல் தள்ளினார்.

அவள் சிறிது நேரம் பாயின் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் சீட்டுகளை மல்லாத்திக் கீழே வைத்தாள். இரண்டும் ராணி.

"ராணி ஜோடியப் போயி விடுறியேக்கா!"

"ஆஸ் வந்துடுச்சுடா. அவர்கிட்ட இன்னொண்ணு இருந்தா ஆஸ் ஜோடி, நான் காலி."

பாயால் அடக்க முடியவில்லை. தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். வெறும் பத்து ஜோடி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் காது சூடேறியது. அவள் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள்.

"நல்லா ஏமாத்திட்டீங்க பாய்!"

முறை சுற்றிவந்து மறுபடியும் நடு இடம் அவளுக்கு வாய்த்தது. அப்படி ஏமாந்திருந்தால் நான் அன்று முழுக்கப் பதுங்கியிருப்பேன். அவள் அதே நிதானத்தோடு ஒரு பிடியை அள்ளித் தள்ளினாள். முகத்தில் வீம்பும் இல்லை. பாய் தன் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எனக்கு வேணாம்மா தங்கச்சி," என்று கவிழ்த்துவிட்டார். யாருமே கட்டவில்லை.

எல்லாரும் போனபின் கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டேன்.

"ரெண்டாவது வாட்டி கையில இன்னா வெச்சிருந்த?"

"அதெப்படிங்க சொல்வேன்? அடுத்த வாரம் நீங்களும்தான எதிர்ல உக்காருவீங்க?"